கீழே இரண்டு விரல் இடம்

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அம்மா மூவரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா?

போனில் பேசினால் நாலாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, இனிமேல் எழுதித்தான் பேசுவது என்று நான் கிளம்பும்போது முடிவு செய்தோம். முதல் கடிதம் என்னுடையது. குறித்து வைத்துக்கொள்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். இங்கே தொழிற்சாலைக்குள் புதுக் கட்டடங்கள் எழுகின்றன. லாரியில் வந்து இறங்கும் இரும்புத் தகடு, உத்திரம் எல்லாம் வரைபடத்தில் கேட்ட சரக்குதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. மூன்று முறை பெயிலாகி நாலாவது முறை வாங்கிய இன்ஸ்பெக்டர் அட்டை இப்போது கழுத்தில் தொங்குகிறது. குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறேன்.

எனக்கென்று ஒரு தகர அறை, ஒரு மேஜை, ஒரு ஹீட்டர், சரியாக மூடாத கதவு. சுவரில் முதலில் ஒட்டியது, எந்த நாட்டு இரும்பு எதற்குச் சமம் என்று நீ போட்ட பட்டியலைத்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் மூலைக் கடையில் உன் பெரிய தாளைச் சின்னதாக்கி ஜெராக்ஸ் எடுத்தேனே, அது. எழுத்து எறும்பு அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் உன் கை தெரிகிறது. நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோட்டில் பார்டர். வலது கீழ் மூலையில், பார்டருக்குள், உன் இனிஷியலும் தேதியும். நோட்டில் மார்ஜின் போடாததற்கு என் தலையில் குட்டியவள் நீ, வேறு எப்படிப் போடுவாய்?

இங்கே இரும்பு நாலு திசையிலிருந்தும் வருகிறது. ஐரோப்பியத் தர எண், அமெரிக்கத் தர எண், ஜப்பானியத் தர எண். எது எதற்குச் சமம் என்று யாருக்கும் மனப்பாடம் இல்லை. உன் பட்டியலைப் பார்த்ததும் ஆளாளுக்குக் காப்பி கேட்டார்கள். மற்ற ஐந்து அறைகளிலும் இப்போது அதுதான் தொங்குகிறது. எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளைத் தொப்பி. அவர் ஹெல்மெட் அந்த நிறம். "யார் போட்டது இது?" என்றார். எங்க அக்கா என்றேன். "அவங்கள இங்க அனுப்பிட்டு நீங்க வீட்டுக்குப் போயிடுங்களேன்" என்றார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

அக்டோபர் 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டு பக்கம் எழுதிருக்கான், எல்லாம் இரும்பாவே இருக்கு. சாப்பிட்டேன்னு ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சிடுமா?" என்றாள்.

பட்டியல் ஐந்து அறைகளில் தொங்குகிறது என்ற வரியை அத்தானுக்கு நானாகப் படித்துக் காட்டாமல், அவரே படிக்கும்படி கடிதத்தை மேஜையில் வைத்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூன்று நாட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்து இரண்டு வாரம் உட்கார்ந்து போட்டது. நீ அதில் சில வரிகளை மேலோட்டமாகப் பார்ப்பாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். ஐரோப்பிய எஸ்355 என்றால், எவ்வளவு இழுப்பு வந்தால் அந்த இரும்பு திரும்பி வராமல் நீளத் தொடங்கும் என்கிற எண் 355. அதுவும் பதினாறு மில்லி கனம் வரைக்கும்தான். கனம் கூடக்கூட எண் இறங்கும். முப்பது மில்லித் தகட்டில் 345. அமெரிக்கக்காரன் கிரேடு 50 என்கிறான். அதை நம் அளவுக்கு மாற்றினால் அதுவும் 345. பெயர்தான் வேறு, பங்காளிகள். அதனால்தான் ஒரே வரிசையில் உட்கார வைத்தேன்.

இன்னொரு சேதி. எங்கள் வரைபட அலுவலகத்தில் இதுவரை நான் கணக்கைச் சரிபார்ப்பேன், கையெழுத்து சீஃப் போடுவார். ஏப்ரலிலிருந்து என்னையே போடச் சொல்லியிருக்கிறார். இன்னும் உறுதியில்லை, ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காதே.

கதவைச் சரிசெய். காது அடைத்துக்கொள்ளும்.

அக்கா

---

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். முதலில் அம்மாவுக்கு: சாப்பிட்டேன். இன்றும் சாப்பிட்டேன், நேற்றும் சாப்பிட்டேன்.

கையெழுத்து அதிகாரம் வரப் போகிறதா? உன் கையெழுத்துக்குப் பயந்து வளர்ந்தவன் நான். இனி கட்டடங்களும் பயப்படட்டும்.

உன் பங்காளிகள் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு கட்டடங்களை இணைத்து உயரத்தில் ஒரு நடைபாலம் போடுகிறோம். அதைத் தாங்கும் முட்டுகளுக்கு வரைபடத்தில் கேட்டது எஸ்355ஜே2, முப்பது மில்லித் தகடு. லாரியில் வந்தது கிரேடு 50. கேட்ட சரக்குக்கு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வெள்ளைத் தொப்பி என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். ஒரே வரிசை. 345க்கு 345. கையெழுத்துப் போட்டேன். பற்றவைப்பும் முடிந்துவிட்டது.

காலையில் பூட்டில் சாவி நுழையவில்லை. பனி. ஊதி ஊதித் திறந்தேன்.

தம்பி

---

டிசம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மா படியேறும்போது எண்ணிக்கொண்டு ஏறுகிறாள். பதினேழு படி என்று தினமும் எங்களுக்கு அறிவிக்கிறாள்.

உனக்குக் கம்பளிச் சட்டை அனுப்பலாம் என்று பார்க்கிறேன். அளவு பழையதுதானா, வயிறு வந்துவிட்டதா?

அந்த நடைபாலம் கூரைக்கு உள்ளேயா, வெளியேயா? அங்கே குளிர் அதிகபட்சம் எதுவரை போகும்? சும்மா கேட்கிறேன். சட்டையின் கனம் தெரிய வேண்டும்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடி மாற்றினோம். இப்போது என் சமையலில் குறை நன்றாகத் தெரிகிறதாம்.

உடனே எழுது.

அக்கா

---

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படிக்காதே.

நீ கேட்டதற்குப் பதில் தாமதமாகிவிட்டது. நடைபாலம் வெளியே இருக்கிறது. குளிர் மைனஸ் பதினெட்டு வரை போனது. அன்றைக்குத்தான், ஜனவரி 11 காலை, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. மரப்பலகை ஒடிந்தது போல. முட்டுத் தகடு ஒன்று பற்றவைப்பு ஓரத்திலிருந்து மேலே வரை பிளந்துவிட்டது. வளையவில்லை, நீளவில்லை, கண்ணாடி மாதிரி விட்டுவிட்டது. பாலத்தில் அப்போது இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். இறங்கி ஓடிவிட்டார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அதில் ஒருவர் கீழே வந்த பிறகு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பாலத்தை மூடிவிட்டார்கள். விசாரணைக் குழு வந்திருக்கிறது. எஸ்355க்குப் பின்னால் ஜே2 என்று ஒரு வால் இருக்கிறதே, அதை இப்போதுதான் எனக்குப் பாடம் எடுத்தார்கள். மைனஸ் இருபது டிகிரியில் குளிரவைத்த துண்டைச் சம்மட்டி வைத்த ஊசலால் அடித்து, அது சட்டென்று நொறுங்காது என்று பார்த்து உறுதி சொன்ன இரும்புக்குத்தான் அந்த வால். கிரேடு 50க்கு அந்தச் சோதனையை நாம் தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். எங்கள் தகட்டுக்கு யாரும் கேட்கவில்லை.

எதை வைத்துச் சமம் என்று ஒத்துக்கொண்டாய் என்று கேட்டார்கள். சுவரைக் காட்டினேன். அக்கா, உன் பட்டியலில் வாலைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

தம்பி

---

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே போதும். இங்கே அனைவரும் சுகம்.

பட்டியலின் அடியில் நான் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். இது வலுவுக்கான ஒப்பீடு மட்டுமே, குளிர்ச் சோதனையைத் தனியாகப் பார்க்கவும் என்று. நீ பெரிய தாளைச் சின்னதாக்கினாய் அல்லவா? அப்போது அடிப்பகுதி விட்டுப் போயிருக்கும். மூலைக் கடைக்காரன் தாளைக் கோணலாகத்தான் வைப்பான், உனக்கே தெரியும். குழுவிடம் அப்படியே சொல். அசல் என்னிடம் எங்கோ இருக்க வேண்டும், தேடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தைரியமாக இரு. சட்டை அனுப்பிவிட்டேன்.

அக்கா

---

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் படிக்கணக்கு பதினேழிலேயே நிற்கிறதா? சட்டை சரியாக இருக்கிறது. வயிறு வரவில்லை.

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. குழு முன்னால் மூன்று முறை உட்கார்ந்தேன். நீ எழுதியபடியே சொன்னேன். அசலில் குறிப்பு இருந்தது, நான் எடுத்த ஜெராக்ஸில் விட்டுப் போனது என்று. காப்பி எடுத்தவன் நான், ஒட்டியவன் நான், மற்ற ஐந்து அறைகளுக்கும் கொடுத்தவன் நான். எழுதிக் கொடு என்றார்கள், கொடுத்தேன். அசலைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அக்காவைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நானே ஒத்துக்கொள்கிறேனே என்றேன். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் அட்டையை ஒரு வருடத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி பரீட்சை எழுதணுமாம். வேலையை விட்டு அனுப்பவில்லை, அதுவரைக்கும் நல்லது. இப்போது கிடங்கில் இருக்கிறேன். தகடுகளின் மேல் பெயின்டால் எண் எழுதுகிறேன். கழுத்து லேசாக இருக்கிறது. முதல் வாரம் குளிக்கும்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

நடைபாலத்து முட்டுகளை எல்லாம் மாற்றுகிறார்கள். மற்ற ஐந்து அறைகளுக்கும் நானே போய், பட்டியலின் அடியில் குளிர்ச் சோதனை என்று ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு வந்தேன். நல்லவேளையாக, எழுதுவதற்கு உன் பார்டருக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருந்தது.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

---

மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அம்மாவுக்கு வேறு மருந்து மாற்றியிருக்கிறார்கள். உனக்குக் கிடங்கில் கால் சில்லிட்டுப் போகும், தடித்த காலுறை அனுப்பவா? அட்டையைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. "அவன் கடுதாசி சின்னதாயிடுச்சு, என்னமோ இருக்கு" என்கிறாள்.

ஏப்ரல் முதல் தேதி கையெழுத்து அதிகாரம் தருகிறார்கள். சீஃப் என் பெயரில் ஒரு முத்திரை செய்யக் கொடுத்திருக்கிறார்.

அசல் இன்னும் கிடைக்கவில்லை.

அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். முத்திரை எப்படி இருக்கிறது? வட்டமா, சதுரமா? உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், சதுரமாகத்தான் செய்யச் சொல்லியிருப்பாய். சந்தோஷம் அக்கா. நிஜமாகச் சொல்கிறேன்.

என் பழைய அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். சாமானை எடுக்கப் போனபோது பட்டியலையும் சுவரிலிருந்து எடுத்தேன். அவருக்கு அது வேண்டாமாம். கிழித்துப் போட மனம் வரவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். நீ போட்டது, உன்னிடமே இருக்கட்டும்.

அசலைத் தேடிக் கஷ்டப்படாதே. இங்கே யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம், கடிதம் சின்னதானதற்குக் காரணம் கை விறைப்பு என்று சொல்.

தம்பி

---

மே 12

அன்புத் தம்பிக்கு,

அம்மாவும் அத்தானும் நலம். நான் நலமா என்று கேட்டால், நேற்றிலிருந்து பரவாயில்லை.

உன் ஜெராக்ஸ் வந்தது. பிரித்து மேஜையில் வைத்தேன். நாலு பக்கமும் இரட்டைக் கோடு. கீழ்க் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாக இருக்கிறது, மூலையில் என் இனிஷியலும் தேதியும் இருக்கின்றன. மூலைக் கடைக்காரன் பாவம், நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் வைத்திருக்கிறான். அப்புறம் உன் அக்டோபர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பார்டரைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாய். ஜனவரியில் நான் அந்தப் பொய்யை எழுதிய அன்றே உனக்குத் தெரிந்திருக்கிறது. மார்ச்சில் இரண்டு விரல் இடம் என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டும் நான் முத்திரையைப் பற்றி எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

அசல் எங்கும் தொலையவில்லை. என் மேஜையின் கீழ் இழுப்பறையில்தான் இருந்தது. ஜனவரி 30 அன்று உனக்கு எழுதுவதற்கு முன்பே எடுத்துப் பார்த்தேன். குறிப்பு இல்லை. எழுதவேண்டும் என்று நினைத்தது நிஜம். அப்போது எங்கள் வேலைகளில் குளிர் என்ற பேச்சே கிடையாது. வரிசைகள் முடிகிற இடத்தில் ஒரு வரி சேர்த்தால் கீழ்க் கோடு இடிக்கும், அழித்துத் திரும்பப் போடவேண்டும், தாள் அசிங்கமாகும் என்று விட்டேன். அவ்வளவுதான் காரணம். உன் நவம்பர் கடிதத்தில் எஸ்355ஜே2 என்று படித்தபோது எனக்கு உடனே உறைத்தது. சட்டையின் கனம் தெரியவேண்டும் என்று கேட்டேன் பார். நிறுத்து, அந்தப் பாலத்தில் யாரையும் ஏற்றாதே என்று ஒரு போன் செய்திருக்கலாம். நாலு நிமிடம்கூட ஆகாது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உன் பதிலுக்காகத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பேர் ஓடி இறங்கியது என் புண்ணியத்தால் அல்ல.

நேற்று அசலையும் உன் காப்பியையும் சீஃப் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "முத்திரையை வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார். வைத்துவிட்டு வந்தேன். சதுரம்தான். இந்தப் பட்டியலை வைத்துச் செய்த பதினான்கு வேலைகளை மறுபடி சரிபார்க்கிறோம். அதில் இரண்டு, குளிர்ப் பிரதேசத்துக்குப் போனவை. இரண்டு இடத்துக்கும் நேற்று நானே போன் செய்தேன்.

உங்கள் வெள்ளைத் தொப்பிக்கும் குழுவுக்கும் தனித்தனியாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அசலின் படமும் உன் காப்பியின் படமும் வைத்திருக்கிறேன். குறிப்பு இல்லை, இருந்ததாகத் தம்பியைச் சொல்லவைத்தது நான் என்று எழுதியிருக்கிறேன். அட்டையைத் திருப்பித் தருவார்களா என்று தெரியாது. ஆனால் உன்னை முழுக்க வெள்ளையடித்துவிட்டதாக நினைக்காதே. அந்தத் தகட்டோடு வந்த சான்றிதழில் குளிர்ச் சோதனைக் கட்டம் காலியாக இருந்திருக்கும். அதைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நீ. அதற்கான திட்டு உனக்குத் தனியாக உண்டு. அதைப் போனில்தான் திட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை தயாராக இரு. சண்டை வந்தாலும் பரவாயில்லை.

என்மேல் ஏன் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை நீ? அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அவன் சின்ன வயசுலயும் இப்படித்தான், நீ உடைச்சதுக்கு அவன் அடி வாங்குவான்" என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை.

இத்துடன் ஆறு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். ஆறும் என் கையெழுத்தில். ஐந்து அறைகளிலும், உன் பழைய அறையில் புது ஆள் எதையாவது ஒட்டியிருந்தால் அதிலும், கீழே இருக்கிற இடத்தில் ஒட்டிவிடு. பார்டருக்கு மேல் ஏறினாலும் ஏறட்டும். முதல் சீட்டில் கை தானாகப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியைப் போடப் போனது. கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

அக்கா

*இந்தப் பட்டியல் வலுவை மட்டும் ஒப்பிடுகிறது. குளிரில் தாங்குமா என்பதை ஒப்பிடவில்லை. அதைத் தனியாகக் கேட்டு, சோதித்து வாங்கவும்.*

*இந்தக் குறிப்பு சேர்க்கப்பட்ட நாள்: இந்த வருடம், மே 12.*